பல் மருத்துவ மாணவர்களுக்கு மனநலம் கற்பிப்பது: எதை முதலில், எதை அப்புறம்

பிடிஎஸ் மாணவர்களுக்கு மனநல வகுப்பு எடுக்கும் பொறுப்பு உங்களிடம் வந்திருந்தால் இந்த வழிகாட்டி உங்களுக்குத்தான். பெரும்பாலும் பொதுச் சுகாதாரப் பல் மருத்துவம், ஓரல் மெடிசின் (வாய் நோய்கள்), பீடோ (குழந்தைகள் பல் மருத்துவம்), இந்த மூன்று துறைகளில் யாராவது ஒருவரிடம்தான் இது வந்து சேரும். தமிழ்நாட்டுக் கல்லூரிகளை மனதில் வைத்து எழுதுகிறேன்: நாலு வருடப் படிப்பு, ஒரு வருடம் சிஆர்ஐ (கட்டாயப் பயிற்சி மருத்துவர் பணி), வரிசையாக நாற்காலிகள் போட்ட பெரிய ஓபி ஹால், அங்கே கேஸ் கோட்டா (ஒவ்வொருவரும் முடித்தாகவேண்டிய சிகிச்சைகளின் எண்ணிக்கை) முடிக்க ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளைகள்.

புதிதாக எடுப்பவர்களுக்குப் பாடம் தெரியாமல் இல்லை, வரிசைதான் தவறிவிடுகிறது. முதல் வகுப்பில் மனநோய்களின் வகைப்பாடு, அடுத்ததில் அறிகுறிகள், அதற்கடுத்து ஒரு கேள்வித்தாள், கடைசி ஐந்து நிமிடத்தில் அவசரமாக "தேவைப்பட்டால் சைக்கியாட்ரிக்கு அனுப்புங்கள்". இதை அப்படியே திருப்பிப் போடுங்கள். அனுப்புவதற்கு இடம் தயாரான பிறகுதான் கேட்பதற்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். ஏனென்றால் கேட்டவுடன் பதில் வரும். பதில் வந்தபின் என்ன செய்வதென்று தெரியாமல் திகைத்து நின்ற மாணவர் அதற்குப் பிறகு யாரிடமும் கேட்கமாட்டார்.

1. அனுப்பும் வழியை முதலில் போடுங்கள்

ஸ்லைடு தயாரிப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் "எனக்கு வாழவே பிடிக்கலை" என்று சொன்னால், அவர் எங்கே போவார், யார் கூடப் போவார், அங்கே யாரைப் பார்ப்பார் என்பதற்கு உங்கள் கல்லூரியில் பதில் இருக்க வேண்டும்.

மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த பல் கல்லூரி என்றால் சைக்கியாட்ரி துறைத் தலைவரை நேரில் போய்ப் பாருங்கள். தனிக் கல்லூரி என்றால் பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அது தூரம் என்றால் மாவட்டத் தலைமை மருத்துவமனை. மாவட்ட மனநலத் திட்டத்தில் வேலை பார்க்கும் மனநல மருத்துவர் எந்தக் கிழமை எங்கே ஓபி பார்க்கிறார் என்று விசாரித்து எழுதி வையுங்கள். சென்னைக்காரர்களுக்கு ஒரு விஷயம்: "கீழ்ப்பாக்கம் போங்க" என்ற வார்த்தையைக் கேட்டாலே நோயாளியும் கூட வந்தவரும் அரண்டுவிடுவார்கள், அந்த ஊர்ப்பெயர் அப்படிக் கேலிப்பேச்சாகிக் கிடக்கிறது. பொது மருத்துவமனைக்குள் இருக்கும் சைக்கியாட்ரி ஓபிக்கு அனுப்பினால் போய்ச் சேருபவர்கள் அதிகம்.

இதையெல்லாம் ஒரே தாளில் அடித்து ஒவ்வொரு துறையிலும் ஒட்டுங்கள். கிழமை, நேரம், அறை எண், தொடர்புக்கு ஒரு ஆள். கூடவே 14416, அதாவது 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசின் மனநலத் தொலைபேசி உதவி; இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டின் 104 மருத்துவ உதவி எண்ணையும் சேருங்கள்.

அப்புறம் நீங்களே ஒரு தடவை அந்த ஓபிக்குப் போய், சீட்டு போடும் இடத்திலிருந்து டாக்டர் அறை வரை நடந்து பாருங்கள். "அங்க போங்க" என்று சொல்வதும், "மெயின் கேட்ல நுழைஞ்சதும் வலது பக்கம் சீட்டு போடுவாங்க, முதல் மாடி, காலையிலேயே போயிடுங்க" என்று சொல்வதும் ஒன்றில்லை. பாதிப் பேர் வழி தெரியாமலேயே திரும்பிவிடுகிறார்கள்.

பரிந்துரைக் கடிதத்துக்கும் ஒரு மாதிரி தயார் செய்யுங்கள். நாலைந்து வரி போதும்: பல் பிரச்சனை என்ன, நோயாளி தன் வாயால் சொன்னது என்ன, எவ்வளவு நாளாக, என்ன மாத்திரை சாப்பிடுகிறார், பல் சிகிச்சையில் அடுத்து என்ன செய்யப்போகிறோம். "டிப்ரஷன்" என்று நோயின் பெயரை மாணவர் எழுதக் கூடாது, அதை முடிவு செய்யும் பயிற்சி அவருக்கு இல்லை. கடிதத்தை உறையில் போட்டு ஒட்டிக் கொடுங்கள், வீட்டில் நாலு பேர் கைக்குப் போகும். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு நோயாளியின் ரகசியத்தை அவருடைய உரிமையாகவே வைத்திருக்கிறது என்பதை இந்த இடத்திலேயே சொல்லிவிடுங்கள். தனியாகச் சட்ட வகுப்பு வைத்தால் யார் மனதிலும் நிற்காது.

2. மாணவர்களுக்கு இன்னொரு வழி, தனியாக

இந்தப் பாடத்தைக் கேட்கிறவர்களில் சிலருக்கு அது தன்னைப் பற்றியே பேசுவதுபோல் இருக்கும். எம்பிபிஎஸ் கிடைக்காமல் வந்த ஏமாற்றம் தீராதவர்கள், கல்விக்கடன் வாங்கிய வீடு, கோட்டா முடிய இரண்டு ஆர்சிடி (வேர் சிகிச்சை) பாக்கி இருக்கும்போது வரேன் என்று சொன்ன நோயாளி வராத நாள், ஹாலில் எல்லார் முன்னாலும் வாங்கிய திட்டு. இவை எல்லாக் கல்லூரியிலும் உண்டு. அதனால் முதல் வகுப்புக்கு முன்பே மாணவர்கள் போய்ப் பேச ஓர் ஆள் இருக்க வேண்டும்.

அந்த ஆள் அவர்களுக்கு இன்டர்னல் மார்க் போடுபவராக இருக்கக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். "எங்கிட்டயே வந்து சொல்லுங்க, நான் இருக்கேன்" என்று நீங்கள் எவ்வளவு பாசத்தோடு சொன்னாலும், வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) எதிரே உட்காரப்போவது நீங்கள்தான் என்று அவர்களுக்குத் தெரியும். வெளியிலிருந்து வாரம் ஒரு நாள் வரும் ஆலோசகர் நல்லது. அவரிடம் போவதற்குத் துறையில் அனுமதிக் கடிதம் கேட்கக் கூடாது, கேட்டால் ஒருவரும் போகமாட்டார்கள். அறையும் டீன் அலுவலகத்துக்கு எதிரே இருக்க வேண்டாம்.

முதல் வகுப்பின் ஆரம்பத்திலேயே இரண்டு விஷயம் சொல்லிவிடுங்கள். எந்த நேரத்திலும் காரணம் சொல்லாமல் வெளியே போகலாம், வருகைப்பதிவு போகாது. வகுப்பில் யாரும் தன் சொந்தக் கதையைச் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை. ஒருவர் தானாக ஆரம்பித்துவிட்டால் மென்மையாக நிறுத்தி, வகுப்பு முடிந்ததும் தனியாகப் பேசி, உதவி செய்யும் ஆளிடம் கூட்டிப் போங்கள். நாற்பது பேர் முன்னால் அழுதுவிட்ட பிள்ளைக்கு மறுநாள் காலேஜ் வருவதே பெரும்பாடு.

3. எந்த வருடத்தில் எது

அக்டோபர் 10, உலக மனநல நாள் அன்று ஒரே நாளில் எல்லாவற்றையும் முடித்துவிடும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. போஸ்டர் போட்டி, சிறப்பு விருந்தினர், போட்டோ. அது நடக்கட்டும், ஆனால் அதைப் பாடத்தின் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒரு நாளில் கேட்டது ஓபி நாற்காலிக்கு வரும்போது கையில் இருக்காது.

முதல் வருடத்தில் கொஞ்சமாக: தூக்கம், தேர்வுப் பதற்றம், நண்பர் ஒருவர் தடுமாறினால் என்ன செய்வது, உதவி எங்கே கிடைக்கும். இரண்டாம் வருடம் பார்மகாலஜி இருக்கிறது, மனநல மருந்துகளை வாயோடு சேர்த்து அங்கேயே சொல்லிக்கொடுக்கலாம். மூன்றாம் வருடம்தான் முக்கியம், நோயாளியை முதன்முதலில் தொடும் வருடம். ஜெனரல் மெடிசின் போஸ்டிங்கும் அப்போதுதான் வருகிறது, அதில் சில நாட்களைச் சைக்கியாட்ரி ஓபிக்கு வாங்க முடிந்தால் சண்டை போட்டாவது வாங்குங்கள். கேட்கும் விதமும் அனுப்பும் விதமும் மூன்றாம் வருடக் கடைசியிலும் நான்காம் வருடத்திலும். சிஆர்ஐ வரும்போது புதுப் பாடம் வேண்டாம், நிஜமாகவே அனுப்பிப் பழகட்டும்.

4. வாயிலிருந்து தொடங்குங்கள்

மாணவர் தன்னை ஒரு பல் மருத்துவராகப் பார்க்கிறார். வகைப்பாட்டிலிருந்து தொடங்கினால் "இது நம்ம வேலை இல்லை" என்று முதல் பத்து நிமிடத்தில் முடிவு கட்டிவிடுவார். வாயில் தெரியும் ஒன்றைக் காட்டி அங்கிருந்து உள்ளே போனால் கூடவே வருவார்.

மேல் முன்பற்களின் உட்பக்கம், அண்ணத்தைப் பார்த்த பக்கம், எனாமல் கரைந்து வழவழவென்று இருக்கும் படம் ஒன்றைக் காட்டுங்கள். காரணம் கேளுங்கள். எலுமிச்சை, குளிர்பானம், அமில எதுக்களிப்பு எல்லாம் சொல்வார்கள். சாப்பிட்டதைத் தானே வாந்தி எடுக்கும் பழக்கம் என்று யாரும் எளிதில் சொல்லமாட்டார்கள். காதுக்குக் கீழே இரண்டு பக்கமும் பரோடிட் என்ற உமிழ்நீர்ச் சுரப்பி வீங்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை: அமில எதுக்களிப்பும் இதே மாதிரி தேய்மானத்தைத் தரும், ஆகவே பல்லைப் பார்த்து ஒரு பெண்ணிடம் "வாந்தி எடுக்கிறீங்களா?" என்று கேட்டுவிடக் கூடாது. "நெஞ்செரிச்சல், புளிச்ச ஏப்பம், அடிக்கடி வாந்தி, இதுல ஏதாவது இருக்கா?" என்று சேர்த்துக் கேட்டால் அவருக்கும் சொல்ல வழி கிடைக்கும். வாந்திக்குப் பிறகு உடனே பல் தேய்க்காமல் தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்வதுதான் அன்றைக்கே நாம் செய்யக்கூடிய சிகிச்சை.

வாய் எரிச்சல் அடுத்தது. மாதவிடாய் நின்ற வயதுப் பெண்கள் அதிகம் வருவார்கள், வாயில் ஒன்றும் தெரியாது. இரும்புச்சத்து, பி12, சர்க்கரை, பூஞ்சைத் தொற்று, வாய் வறட்சி எல்லாம் பார்த்த பிறகுதான் மற்றது. மாணவர்கள் இரண்டு பக்கமும் தவறு செய்கிறார்கள். ஒன்று, ரத்தப் பரிசோதனையே எழுதாமல் "டென்ஷன்தான்" என்று அனுப்பிவிடுவது. இல்லாவிட்டால் ரிப்போர்ட் நார்மல் என்றதும் "உங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா" என்பது. அந்த அம்மாவுக்கு எரிகிறது, அது நிஜம். "ஒண்ணும் இல்லை" என்ற வார்த்தையைக் கேட்டபிறகு அவர் இன்னொரு டாக்டரைத் தேடிப் போவார், மனதில் இருப்பதைச் சொல்லமாட்டார்.

இன்னும் சிலவற்றையும் இதேபோல் எடுங்கள்: பல் கடிப்பதும் தாடை மூட்டு வலியும், நாற்றமே இல்லாதபோது வாய் நாற்றம் என்று மாஸ்க்கைக் கழற்ற மறுப்பவர், கண்ணுக்கே தெரியாத கோணலுக்கு மொபைலில் இருபது செல்ஃபி காட்டி, முன்னால் பார்த்த எல்லா டாக்டரும் கெடுத்துவிட்டார்கள் என்று வரும் இளைஞர், பல நாள் பல் தேய்க்காமல், துணையோடு வந்து, ஒரு வார்த்தையும் பேசாதவர், நாக்கும் உதடும் தானாக அசைந்துகொண்டே இருப்பதால் பல்செட் நிற்காதவர், அது பல வருடம் சாப்பிட்ட மனநல மருந்தின் விளைவாக இருக்கலாம், வாய்ப்புற்று அறுவைக்குப் பிறகு கண்ணாடி பார்ப்பதையே விட்டவர். கூல் லிப், ஹான்ஸ் போன்ற புகையிலை போடும் பையன்களும் இதில் சேர்த்திதான், வாய் திறப்பதைக் கேலிப்பரில் அளப்பதோடு நிறுத்தாமல் எதற்காகப் போடுகிறான் என்றும் கேட்கவேண்டும்.

5. மாத்திரைப் பை

இந்த வகுப்பை விட்டுவிட்டால் மற்ற எதை நடத்தியும் பயன் குறைவு. மனநலம் என்றால் வெறும் பேச்சு என்று நினைக்கும் மாணவர்கூட இங்கே நிமிர்ந்து உட்காருவார், காரணம் இங்கே நம் கையால் நோயாளிக்குக் கெடுதல் நடக்க வாய்ப்பு இருக்கிறது.

கேள்வியிலிருந்து தொடங்குங்கள். "வேற ஏதாவது மருந்து எடுக்கறீங்களா?" என்றால் "சுகர் மாத்திரை மட்டும்தான்" என்று பதில் வரும். மனநல மாத்திரையைப் பலர் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை, சிலர் வேண்டுமென்றே மறைப்பார்கள். "தூக்கத்துக்கு, நரம்புக்கு, படபடப்புக்கு, குடியை நிறுத்துறதுக்கு, இந்த மாதிரி ஏதாவது?" என்று ஒவ்வொன்றாகக் கேட்கப் பழக்குங்கள். நம் ஊரில் மனநல மருத்துவரை "நரம்பு டாக்டர்" என்று சொல்பவர்கள் நிறைய. அடுத்த முறை வரும்போது மாத்திரை அட்டையைக் கவரோடு கொண்டுவரச் சொல்லுங்கள். அந்தக் கவரிலிருந்து எடுத்த அட்டைகளை மேசையில் பரப்பி, பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் வேதிப்பெயரைப் படிக்க வைப்பதே நல்ல பயிற்சி. பிராண்ட் பெயரை மனப்பாடம் செய்து முடியாது.

பிறகு கண்டிப்பாகத் தெரிந்திருக்க வேண்டியவை.

லித்தியம் (மனநிலை ஏற்ற இறக்கத்துக்கான மருந்து) சாப்பிடுபவருக்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் எழுதக் கூடாது. ரத்தத்தில் லித்தியம் ஏறி நச்சாகும். கை நடுக்கம், வாந்தி, வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம் அதன் அடையாளம். மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லியும் லித்தியத்தை ஏற்றலாம். பல் பிடுங்கியதும் யோசிக்காமல் கை எழுதும் சீட்டே இந்த இரண்டும்தான் என்பதை நினைவுபடுத்துங்கள். வலிக்குப் பாரசிட்டமால், மற்றதற்கு அவருடைய டாக்டரிடம் ஒரு போன்.

டைசல்ஃபிராம், அதாவது குடியை நிறுத்தக் கொடுக்கும் மாத்திரை. இதோடு மெட்ரோனிடசோல் சேர்ந்தால் மனக்குழப்பமும் பிரமையும் வரும், எழுதவே கூடாது. ஆல்கஹால் கலந்த மவுத்வாஷும் இவருக்கு வேண்டாம்.

அமிட்ரிப்டிலின் போன்ற டிரைசைக்ளிக் வகை மனச்சோர்வு மருந்துகள் வாயை வறட்டும், கழுத்துப் பக்கம் பல் சொத்தை வேகமாக வரும். இவர்களுக்கு அட்ரினலின் கலந்த லோக்கல் (மரத்துப்போகும் ஊசி) போடும்போது ஆஸ்பிரேட் செய்து (ஊசி ரத்தக்குழாயில் இல்லை என்று பின்னால் இழுத்துப் பார்த்து), மெதுவாக, குறைந்த அளவில். 0.04 மில்லிகிராம் அட்ரினலினோடு நிறுத்துவது வழக்கம், நம் ஓபியில் இருக்கும் 1:80,000 வயலில் அது 3.2 மில்லி. இந்தக் கணக்கை போர்டில் அவர்களையே போடச் சொல்லுங்கள். அட்ரினலின் தோய்த்த ரிட்ராக்‌ஷன் கார்டையும் (ஈறை விலக்க வைக்கும் நூல்) தவிர்க்கவேண்டும்.

ஃப்ளுவாக்ஸெடின், எஸ்சிடாலோப்ராம் வகை மனச்சோர்வு மருந்துகளோடு டைக்ளோஃபெனாக் சேர்ந்தால் ரத்தக்கசிவு கூடலாம், டிரமடால் என்ற வலி மருந்து சேர்ந்தால் செரடோனின் நச்சு வரலாம். இதே வகை மருந்து பல் கடிப்பதையும் உண்டாக்கும். வால்ப்ரோயேட் சாப்பிடுபவருக்குப் பல் எடுப்பதற்கு முன் பிளேட்லெட் பாருங்கள். க்ளோசபின் என்றால் எச்சில் வழியும், வெள்ளணுவும் குறையலாம், கடைசியாக எடுத்த ரத்த ரிப்போர்ட்டைக் கேளுங்கள்.

இதோடு ஒரே ஒரு விதி, கரும்பலகையில் பெரிதாக எழுதுங்கள்: மனநல மருந்தை நாம் நிறுத்தவும் மாட்டோம், குறைக்கவும் மாட்டோம். "வாய் காயுதா, அந்த மாத்திரையை விட்டுருங்க" என்று ஒரு பல் டாக்டர் சொன்ன ஒரு வாக்கியம் போதும், நன்றாக இருந்தவருக்கு நோய் திரும்பிவிடும்.

6. கேட்கப் பழக்குவது, தமிழில்

பாடம் ஆங்கிலத்தில் நடக்கிறது, நோயாளி தமிழில் பேசுகிறார். இந்த இடைவெளியை வகுப்பில் யாரும் நிரப்புவதில்லை, அதனால் மாணவர் நோயாளியிடம் "உங்களுக்கு ஆர்வமின்மை இருக்கா?" என்று கேட்டு நிற்கிறார். முதல் பயிற்சியே மொழிதான். ஒவ்வொரு அறிகுறிக்கும் அவரவர் வீட்டில், ஊரில் எப்படிச் சொல்வார்கள் என்று எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். "மனசு பாரமா இருக்கு", "எதுலயும் பிடிப்பே இல்லை", "நெஞ்சு படபடன்னு அடிக்குது", "யாரைப் பார்த்தாலும் எரிச்சலா வருது", "உடம்பெல்லாம் அசதி". மதுரைப் பையனும் நாகர்கோவில் பெண்ணும் வேறு வேறு சொல்லிக் கொண்டுவருவார்கள், எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள்.

கேட்கும் வரிசையும் முக்கியம். வலி, அப்புறம் தூக்கம், பசி, அன்றாட வேலை, அதற்குப் பிறகுதான் மனசு. உடம்பைப் பற்றிக் கேட்பது யாருக்கும் கூச்சம் தராது, அங்கிருந்து மனசுக்கு நடந்து வந்துவிடலாம். மனச்சோர்வை வடிகட்டும் பிஹெச்க்யூ-2 என்ற இரண்டு கேள்விகளை இந்த வரிசையின் கடைசியில் வையுங்கள்: கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் விருப்பம் இல்லாமல் இருந்ததா, மனம் சோர்ந்து நம்பிக்கை இழந்து இருந்ததா. 6க்கு 3 அல்லது அதற்கு மேல் வந்தால் பிஹெச்க்யூ-9 என்ற ஒன்பது கேள்வித் தாளுக்குப் போகலாம். அது வடிகட்டும் கருவி மட்டுமே, நோய் இது என்று சொல்லும் கருவி கிடையாது என்பதை ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள்.

பிறகு நடித்துப் பார்க்கும் பயிற்சி. மூன்று பேர்: ஒருவர் மாணவர், ஒருவர் நோயாளி, ஒருவர் பார்ப்பவர். நோயாளியாக நடிப்பவருக்கு அட்டையில் கதை எழுதிக் கொடுங்கள், சொந்தக் கதையை எடுக்கக் கூடாது. வாய் எரிச்சலோடு வந்த அம்மா கதை நன்றாக வேலை செய்யும்.

"எரிச்சலால தூக்கம் கெடுதாம்மா?"

"தூக்கம் எங்கப்பா, மூணு மணிக்கு முழிப்பு தட்டுனா அப்புறம் விடியற வரைக்கும் கொட்டக் கொட்ட முழிச்சுக்கிட்டுதான்."

ஏறக்குறைய எல்லா மாணவரும் இந்த இடத்தில் தலையைக் குனிந்து கேஸ் ஷீட்டில் தூக்கமின்மை என்று எழுதிவிட்டு, "சரிம்மா, காரம் சாப்பிட்டா அதிகமாகுதா?" என்று அடுத்ததற்குப் போவார்கள். அங்கேயே நிறுத்துங்கள். பேனாவைக் கீழே வைக்கச் சொல்லுங்கள், மாஸ்க்கை இறக்கச் சொல்லுங்கள், ஸ்டூலை நகர்த்தி அவர் கண்ணுக்கு நேராக உட்காரச் சொல்லுங்கள். இப்போது ஒரே கேள்வி: "அந்த நேரத்துல மனசுல என்னம்மா ஓடும்?" கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்கவேண்டும். அந்த அமைதியைத் தாங்குவதுதான் கஷ்டம், பயிற்சியே அதற்குத்தான். விடிகாலையில் விழித்து மறுபடி தூக்கம் வராமல் கிடப்பது மனச்சோர்வின் முக்கிய அடையாளம் என்பதைப் பிறகு விளக்கினால் மறக்கமாட்டார்கள்.

"கவலைப்படாதீங்க, எல்லாம் சரியாயிடும்" என்பதைத் தடை செய்யுங்கள். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள், ஆனால் அதைக் கேட்டதும் எதிரில் இருப்பவர் பேச்சை முடித்துக்கொள்வார். அதற்குப் பதில் "ரொம்ப நாளா இதைத் தனியாவே சுமந்துக்கிட்டு இருந்திருக்கீங்க" என்று சொல்லிப் பார்க்கட்டும். "மெண்டல்", "பைத்தியம்", "சைக்கோ கேஸ்" போன்ற சொற்கள் ஸ்டாஃப் ரூமிலும் வரக் கூடாது, பிள்ளைகள் நம்மிடமிருந்துதான் எடுத்துக்கொள்கிறார்கள்.

இடம் ஒரு பிரச்சனை. ஹாலில் பக்கத்து நாற்காலி நாலடி தூரத்தில் இருக்கிறது, கூடவே மாமியார் நிற்கிறார். எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிப் போவதுபோல் தனியே கூட்டிப் போய்ப் பேசலாம். சிறிய ஒரு அறையைத் திரை போட்டு ஒதுக்க முடிந்தால் இன்னும் நல்லது. முகத்தில் அடிபட்டு வரும் பெண்களிடம் கூட வந்தவரை வைத்துக்கொண்டு எதையும் கேட்கவே கூடாது.

7. தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்பது

இதற்குத் தனி வகுப்பு வேண்டும், வேறு எதனுடனும் ஒட்டக் கூடாது. மனநல மருத்துவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசி மணியில் வைக்காதீர்கள், கேட்டதைச் சுமந்துகொண்டு பிள்ளைகள் இரண்டு நாள் ஹாஸ்டல் அறையில் தனியாக இருப்பார்கள்.

முதலில் எல்லாருக்கும் இருக்கும் பயத்தை எடுங்கள்: கேட்டால் எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ? இல்லை. நேரடியாகக் கேட்பது அந்த எண்ணத்தை உண்டாக்குவதில்லை, பலருக்குச் சொல்லிவிட்ட ஆறுதலே கிடைக்கிறது. சுற்றி வளைத்து "தப்பான முடிவெல்லாம் எடுக்கமாட்டீங்கல்ல?" என்று கேட்டால் "இல்லை" என்ற பதிலைத்தான் வரவழைக்கிறோம். "இவ்வளவு கஷ்டத்துல, செத்துடலாம்னு நினைப்பு வந்திருக்கா?" இதை ஒவ்வொரு மாணவரும் வாய்விட்டு, பலமுறை, சொல்லிப் பழக வேண்டும். முதல் தடவை குரல் நடுங்கும், போகப்போகச் சரியாகும்.

"ஆமா" என்று பதில் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது படிப்படியாக இருக்கட்டும். அவரைத் தனியாக விடக் கூடாது. அன்றைய பல் சிகிச்சையை நிறுத்தி, உடனே அந்தத் துறையின் பொறுப்பு ஆசிரியரைக் கூப்பிட வேண்டும், மாணவர் தனியாக எதையும் முடிவு செய்யக் கூடாது. "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்று சத்தியம் செய்யக் கூடாது, உயிருக்கு ஆபத்து என்றால் உதவி செய்பவர்களிடம் மட்டும் சொல்ல வேண்டியிருக்கும் என்று பக்குவமாகச் சொல்லவேண்டும். நோயாளி நம்பும் ஒருவரை வரவழைத்து, முதல் படியில் தயாரித்த வழியில் அன்றைக்கே அனுப்புங்கள். தற்கொலை முறைகளைப் பற்றி வகுப்பில் பேச்சே வேண்டாம்.

"போலீஸ் கேஸ் ஆகிடுமா சார்?" என்று கட்டாயம் கேட்பார்கள். மனதில் உள்ள எண்ணத்தைச் சொல்வது குற்றமே இல்லை. முயன்றவரும் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ளவேண்டும் என்று 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 115ஆம் பிரிவு சொல்கிறது. அவருக்குப் பராமரிப்பு தருவது அரசின் கடமை.

வகுப்பு முடிந்ததும் நீங்களும் மனநல மருத்துவரும் அரைமணி நேரம் அங்கேயே இருங்கள். யாராவது ஒருவர் தயங்கித் தயங்கிப் பையை எடுத்துக்கொண்டிருப்பார்.

8. பல் சிகிச்சை பயம்

இதில் நீட்டத் தேவையில்லை, பீடோவில் பாதி படித்திருக்கிறார்கள். சொல்லி, காட்டி, செய்யும் முறையைப் பெரியவர்களுக்கும் பயன்படுத்தலாம் என்பதுதான் புதிது. பயத்தை அளக்கும், ஐந்து கேள்வி கொண்ட எம்டிஏஎஸ் தாளின் தமிழ் வடிவத்தைக் காத்திருக்கும் இடத்திலேயே கொடுங்கள். 25க்கு 19 அல்லது அதற்கு மேல் வந்தால் கடுமையான பயம். இடது கையைத் தூக்கினால் உடனே நிறுத்துவேன் என்று சொல்லி, தூக்கியதும் நிஜமாகவே நிறுத்த வேண்டும். ஒரு தடவை நிறுத்தாமல் விட்டால் அந்த ஒப்பந்தம் போய்விட்டது.

9. நோயோடு வாழ்ந்தவரைப் பேச வைப்பது

ஒதுக்கும் மனப்பான்மை விரிவுரையால் அவ்வளவாக மாறுவதில்லை, நேரில் சந்திப்பதால் மாறுகிறது. சிகிச்சை எடுத்து நன்றாக இருக்கும் ஒருவரை, அவருடைய மனநல மருத்துவர் வழியாக அழையுங்கள். வார்டிலிருந்து ஒருவரைக் கூட்டிவந்து "கேஸ்" ஆகக் காட்டுவது இதற்கு நேர் எதிர், செய்யவே வேண்டாம்.

எதைப் பேசுவார், எதைப் பேசமாட்டார், எந்தக் கேள்விக்கு நீங்கள் குறுக்கிட வேண்டும் என்று முன்கூட்டியே உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள். பயணச் செலவும் மதிப்பூதியமும் கொடுங்கள். போட்டோ, வீடியோ கிடையாது. நோயின் வரலாற்றைவிடப் பல் டாக்டரிடம் போன அனுபவத்தைச் சொல்லச் சொல்லுங்கள்: மாத்திரைப் பெயரைப் பார்த்ததும் குரல் மாறிய டாக்டர், தன்னிடம் பேசாமல் அண்ணனிடமே எல்லாம் கேட்ட டாக்டர். மாணவர்கள் தங்களை அந்த இடத்தில் வைத்துப் பார்ப்பது அப்போதுதான்.

10. மதிப்பெண்

தேர்வில் வராததை யாரும் படிக்கமாட்டார்கள், ஆகவே மதிப்பெண் வேண்டும். எதற்குப் போடுகிறோம் என்பதில்தான் கவனம். "மன அழுத்தத்தின் அறிகுறிகளை எழுதுக" என்ற கேள்விக்கு முழு மார்க் வாங்கியவர் நோயாளி அழுதால் உறைந்து நிற்கலாம்.

ஓஎஸ்சிஇயில் (நிலையம் நிலையமாகப் போய்ச் செய்து காட்டும் தேர்வு) இரண்டு நிலையம் வையுங்கள். ஒன்றில் மாத்திரை அட்டைகள், நோயாளிக்கு நாளை பல் எடுக்க வேண்டும், சீட்டு எழுது. மற்றொன்றில் பயிற்சி பெற்ற நடிகர், தூக்கம் இல்லை என்று சொல்வார். திறந்த கேள்வி கேட்டாரா, அமைதியாக இருந்தாரா, அடுத்து எங்கே போகவேண்டும் என்று கிழமையோடு, இடத்தோடு சொன்னாரா என்பதற்கு மார்க். நோயின் பெயரைச் சரியாகச் சொன்னதற்கு மார்க் கொடுக்காதீர்கள், கொடுத்தால் எல்லாரும் பெயர் சூட்டத் தொடங்கிவிடுவார்கள். தன் சொந்த மனக்கஷ்டத்தைக் கட்டுரையாக எழுதச் சொல்லி அதற்கு மதிப்பெண் போடுவதும் கூடாது.

11. அனுப்பியவர் போய்ச் சேர்ந்தாரா

சிஆர்ஐகளிடம் ஒரு பதிவேடு கொடுங்கள். ஓபி எண், அனுப்பிய தேதி, எங்கே, போனாரா இல்லையா, போகவில்லை என்றால் ஏன். பெயரும் அவர் சொன்ன விவரமும் அதில் வேண்டாம், பூட்டி வைக்கும் பதிவேடாக இருக்கட்டும். பல் சிகிச்சைக்கு மறுபடி வரும் நாள்தான் கேட்க நல்ல நேரம், அதனால் அனுப்பும் நோயாளிக்கு அடுத்த அப்பாயின்ட்மென்ட்டை அதே நாளில் குறித்துக் கொடுக்கப் பழக்குங்கள். ஸ்கேலிங்கின் மிச்சம் இருக்கிறது என்று வருவார், அப்போது விசாரிக்கலாம்.

போகாததற்கான காரணங்கள் எழுத எழுதத் தெளிவாகும்: அந்தக் கிழமை வேலைக்கு லீவு இல்லை, புருஷனுக்குத் தெரியக் கூடாது, பஸ் இல்லை, கடிதத்தைத் தொலைத்துவிட்டார். ஒவ்வொரு போஸ்டிங் முடிவிலும் பதிவேட்டை எடுத்துக்கொண்டு சைக்கியாட்ரி துறைக்குப் போய்ப் பேசுங்கள், ஓபி நாள் மாறியிருந்தால் சுவரில் ஒட்டிய தாளையும் அன்றைக்கே மாற்றுங்கள்.